சொதி திரிந்த நாளும் உளுந்தஞ்சோறு பொங்கிய இரவும்

சொந்த ஊர் பாளையங்கோட்டை, பிழைப்பு சென்னை மடிப்பாக்கத்தில். 2013-ல் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. காபி போடுவதைத் தவிர அடுப்படியில் வேறு எதுவும் தெரியாமல் இருந்த நான் அந்த ஆறு வாரத்தில்தான் சமைக்கக் கற்றேன். அம்மா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வருவதாக இருந்தது. சொதி வைக்கலாம் என்றேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தென்றால் சொதிதான், கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். பெரிய விருந்துச் சாப்பாடு என்றாலும் சாமான் கொஞ்சம்தான். ஒரு முற்றிய தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். முதல் பால் தண்ணீர் அதிகம் சேராமல் கெட்டியாக ஒரு டம்ளர். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் எல்லாம் வேகும். அப்புறம் இரண்டாம் பால், வேகவைத்த பாசிப்பருப்பு. கடைசியில்தான் முதல் பால்.

முதல் பாலை ஊற்றிய நேரம் பார்த்து போன் அடித்தது. கூடத்துக்குப் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தேன். சொதி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய்த் திட்டு, அடியில் தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையாக. கொதி ஏறினால் தேங்காய்ப் பாலில் உள்ள புரதம் திரண்டு கொழுப்பு தனியாகப் பிரிந்துவிடும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அம்மா கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, “ருசி போகலய்யா, ரூபம்தான் போச்சு” என்றார். அத்தான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மறு வாரமே திரும்ப வைத்தேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முதல் பாலை ஊற்றி, தீயைச் சிறிதாக்கி, மெல்லக் கிண்டிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு பாத்திரத்தின் ஓரத்தில் கடுகு அளவுக்குக் குமிழ்கள் வரும். அவை சேர்ந்து வெள்ளையாக ஒரு வளையம் கட்டி நடுவை நோக்கி நகரும். “இப்பம் எறக்கு. கொதிச்சா திரிஞ்சிரும்லா” என்றார் அம்மா. இறக்கி, நெய்யில் தாளித்துக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. சூட்டோடு பிழிந்தால் அதுவும் திரிக்கும். அன்றைய சொதி சந்தன நிறத்தில் வழுவழுவென்று வந்தது.

எளிய சமையல் எதிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. மற்ற நேரம் என்ன செய்தாலும் சரி, அந்த இடத்தில் ஆள் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். ரசத்தில் அது நுரை கூடும் நேரம்; விட்டுக் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும். உளுந்தஞ்சோற்றில் அது உளுந்து வறுக்கும் நேரம்.

உளுந்தஞ்சோறு என்றால் எனக்கு 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். முதல் தேதி இரவு பெய்த மழையில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர், தரைத்தள வீடுகளுக்குள் முழங்கால் அளவு. கீழே இருந்த இரண்டு குடும்பங்களும் மாடிக்கு வந்துவிட்டன. கரண்ட் இல்லை, பால் இல்லை, காய் வாங்க வழியில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது அரிசி, தோல் எடுக்காத தொலி உளுந்து, பூண்டு, இரண்டு தேங்காய், ஊரிலிருந்து வந்த கறுப்பு எள். சிலிண்டரில் கேஸ் இருந்தது.

மொத்தம் பதினேழு பேர். ஆறு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் உளுந்து. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிறம் பார்த்து வறுக்க முடியாது, மூக்கை நம்பித்தான் வறுத்தேன். பச்சை வாடை போய், கடலை வறுத்த மாதிரி ஒரு மணம் எழும். அங்கே நிறுத்திவிட வேண்டும், தாண்டினால் கசக்கும். அரிசி, உளுந்து, வெந்தயம், சீரகம், உரித்த பூண்டு, தேங்காய்த் துருவல், உப்பு. ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் என்று கேன் தண்ணீரை அளந்து ஊற்றி, குக்கரில் இரண்டு தடவையாக வைத்தேன். மிக்ஸி ஓடாததால் எள்ளையும் மிளகாய் வற்றலையும் வறுத்து, தேங்காயும் துளிப் புளியும் சேர்த்து, இஞ்சி தட்டும் சின்ன உரலில் அக்கா மகன் இடித்துக் கொடுத்தான். மழைக்கு நாலு நாள் முன்னால் வந்து மாட்டிக்கொண்டவன் அவன். நற நறவென்று இருந்த அந்தத் துவையல் மிக்ஸியில் அரைத்ததைவிட நன்றாக இருந்தது என்றே இன்றும் சொல்வேன்.

மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சுடச்சுடச் சோறு, நடுவில் குழித்து நல்லெண்ணெய், ஓரத்தில் துவையல். இரண்டாவது மாடியில் இருந்த பீகார்ப் பையன் கிச்சடி என்று நினைத்து வாங்கி, ஒரு வாய் தின்றதும் உளுந்தா என்று கேட்டான். கீழ்வீட்டுப் பாட்டி அரிசிப் பானையோடு சாமான் எல்லாவற்றையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நிதானமாகப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவாமலே என்னைப் பார்த்தார்.

“தம்பி, பூண்டு இன்னும் நாலு பல்லு போட்டிருக்கலாம்.”

ஒரு டம்ளர் அரிசிக்குப் பத்துப் பல் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பதினாலுதான்.