திங்கட்கிழமை விழுந்த 2,226 புள்ளி வெள்ளிக்கிழமை எங்கே போனது?

பல்லடம்_டீச்சர் | 12 ஏப்ரல் 2025, சனி

வணக்கம். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த வாரக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கவில்லை.

திங்கள் காலை ஸ்டாஃப் ரூமில் எல்லார் கையிலும் போன். பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் 3,900 புள்ளி கீழே என்று ஒருவர் சொல்ல, "இன்னும் இறங்குமாம்" என்று இன்னொருவர். நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் குறியீடு) பட்டியலை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் நான்கு வருடமாகச் சேர்த்தது நான்கு லட்சம் இருந்தது. பெரியவளின் காலேஜுக்கென்று வைத்த பணம். பிரேயர் முடிந்ததும் 9.40க்கு மொத்தத்தையும் ரிடீம் போட்டுவிட்டேன், அதாவது விற்றுவிட்டேன். அன்று மாலை சென்செக்ஸ் முடிந்தது 2,226 புள்ளி கீழே.

நேற்று பார்க்கிறேன், சென்செக்ஸ் 75,157. முந்தைய வெள்ளி 75,364. வித்தியாசம் 207 புள்ளிதான்! பேப்பரில் "வாரம் முழுக்கப் பார்த்தால் லேசான சரிவு" என்று ஒரு வரி. அந்த லேசான சரிவுக்குள்தான் என் நான்கு லட்சம் வெளியே வந்தது.

அமெரிக்க அதிபர் டிரம்ப் தான் போட்ட இறக்குமதி வரியை முழுசாக எடுக்கவுமில்லை. பிறகு ஏன் ஏறியது? நடுவில் என்னதான் நடந்தது? திரும்ப உள்ளே போகலாமா? வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய_சப்ப்ரோக்கர் | அதே நாள், பகல்

அம்மணி, முதலில் ஆறுதலாக ஒன்று. நீங்கள் 9.40க்கு அமுக்கினாலும் 9.40 விலைக்கு விற்கவில்லை. மியூச்சுவல் ஃபண்டில் மூன்று மணிக்குள் கொடுத்தால் அன்றைய முடிவு என்ஏவிதான் (ஒரு யூனிட்டின் விலை) கிடைக்கும். அன்று காலை நிஃப்டி 21,743 வரை போய்விட்டு 22,161இல் முடிந்தது. உங்களை அறியாமலே 400 புள்ளி தப்பியது. நேரடியாகப் பங்கு வைத்திருந்து விற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லீங்க.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கோவையிலேயே தனியாக ஒரு பங்குச் சந்தை இருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை விழுந்ததற்கு நம் ஊர்க் காரணம் எதுவும் இல்லை. ஏப்ரல் 2 அன்று டிரம்ப் நாடு நாடாகப் பட்டியல் வாசித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம், வியட்நாமுக்கு 46, வங்கதேசத்துக்கு 37. அதற்குப் பிறகும் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நம் சந்தை ஓரளவு தாங்கியது. வெள்ளி மாலை மூன்றரைக்கு நாம் கடையைச் சாத்துகிற நேரத்தில் சீனா பதிலுக்கு 34 சதவீதம் போட்டது. அன்றிரவு அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது. முந்தைய நாள் விழுந்த 4.8 தனி. சனி, ஞாயிறு நமக்குப் பூட்டு. அந்த அடியை எல்லாம் திங்கள் 9.15க்கு மொத்தமாக வாங்கினோம். ஹாங்காங்கில் அன்று ஒரே நாளில் 13 சதவீதம் போனது, 1997க்குப் பிறகு அங்கே இப்படி நடக்கவில்லை. அதைப் பார்த்தால் நாம் விழுந்த 3 சதவீதம் சாதுதான்.

எது விழுந்தது, எது விழவில்லை என்று பாருங்கள், காரணம் தானே தெரியும். உலோகப் பங்குகள் கிட்டத்தட்ட 7 சதவீதம் இறங்கின. உலகத்தில் தொழில் மந்தமானால் இரும்பை யார் வாங்குவார்கள்? டாடா மோட்டார்ஸுக்குத் தனி அடி. அமெரிக்காவில் வெளிநாட்டுக் காருக்கு 25 சதவீத வரி வந்ததும் ஜாகுவார் லேண்ட் ரோவர் அந்த மாதம் அங்கே வண்டி அனுப்புவதை நிறுத்திவைத்தது. சென்செக்ஸின் 30 பங்கில் அன்று பச்சையில் முடிந்தது ஒன்றே ஒன்று, ஹிந்துஸ்தான் யூனிலீவர். பல்லடத்துக்காரர் சோப்பு வாங்குவதற்கு வாஷிங்டனில் வரி இல்லையே.

நீங்கள் விற்றதை வாங்கியவர் யார் என்று யோசித்தீர்களா? வெளிநாட்டு நிறுவனங்கள் அன்று 9,000 கோடிக்கு விற்றன. மியூச்சுவல் ஃபண்ட் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் 12,000 கோடிக்கு வாங்கின. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மார்ச் மாதம் மட்டும் எஸ்ஐபியில் வந்தது 25,926 கோடி. டீச்சர், கண்டக்டர், மருந்துக்கடைப் பையன் எல்லாரும் போடும் மாதத் தவணை. 1992 ஏப்ரல் 28 அன்று தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரத்தில் 570 புள்ளி விழுந்தது. அன்றைக்கு அது 12 சதவீதத்துக்கும் மேல். வாங்க ஆளே இல்லை, போனை எடுக்கவே எனக்குக் கை நடுங்கும். இப்போது வாங்க ஆள் இருக்கிறது. சந்தையில் மாறியது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

செவ்வாய் 1,089 புள்ளி திரும்பி வந்தது. புதன்தான் வேடிக்கை. காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, கால் சதவீதம் குறைத்து 6 ஆக்கியது. வட்டி குறைந்தால் சந்தை ஏறும் என்பது பாடம். நிஃப்டி 136 புள்ளி இறங்கியது! குறைப்பார்கள் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும், விலையில் அது ஏறிப்போயிருந்தது. தெரியாத செய்தி வேறு. இந்த நிதியாண்டின் வளர்ச்சிக் கணிப்பை 6.7இலிருந்து 6.5க்கு இறக்கினார்கள். அதே காலை 9.31க்கு, அதாவது அமெரிக்காவில் நள்ளிரவு 12.01க்கு, 26 சதவீத வரி அமலுக்கும் வந்துவிட்டது.

அந்த 26 எத்தனை நேரம் உயிரோடு இருந்தது தெரியுமா? பதிமூன்று மணி நேரம். இரவு பதினொன்று ஆகும் முன்பே சீனாவைத் தவிர மற்றவர்களுக்கு 90 நாள் நிறுத்திவைப்பதாக டிரம்ப் அறிவித்தார். 10 சதவீதம் மட்டும் நின்றது. எஸ் அண்ட் பி ஒரே நாளில் 9.5 சதவீதம் எகிறியது.

ஏன் பின்வாங்கினார்? பங்குச் சந்தை விழுந்ததற்காக இல்லை என்பது என் எண்ணம். கடன் பத்திரம் விழுந்ததுதான். உலகத்தில் எங்கே பீதி என்றாலும் பணம் ஓடி ஒளியும் இடம் அமெரிக்க அரசின் பத்திரம். எல்லாரும் வாங்க ஓடுவதால் அதன் வட்டி இறங்கும். இந்த வாரம் தலைகீழ், பத்திரத்தை விற்றார்கள். பத்து வருடப் பத்திரத்தின் வட்டி 4 சதவீதத்திலிருந்து ஏறி வார இறுதியில் 4.5ஐத் தொட்டது. கூடவே டாலரும் இறங்கியது. நகையை அடகு வைக்கப் போன இடத்தில் "இந்த நகை வேண்டாம்" என்று சேட்டு சொன்ன மாதிரி. பத்திரச் சந்தையைக் கவனித்துக்கொண்டிருந்ததாக டிரம்பே சொன்னார்.

வியாழன் மகாவீர் ஜெயந்தி, நமக்கு விடுமுறை. அன்றிரவு அமெரிக்கா திரும்ப 3.5 சதவீதம் விழுந்தது. ஏற்றமும் நமக்குத் தப்பியது, இறக்கமும் தப்பியது. இரண்டையும் கழித்து மிச்சத்தை வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டோம், 1,310 புள்ளி. உங்கள் 207இன் கதை இதுதான் அம்மணி.

ஒன்று விட்டுப்போச்சு. புதன்கிழமை பிரெண்ட் கச்சா எண்ணெய் 60 டாலருக்கும் கீழே வந்தது. நம் நாட்டுக்கு அது வரம். ஆனால் பெட்ரோல் பங்க்கில் போய் விலை குறைந்ததா என்று கேட்காதீர்கள். திங்களன்றே கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றிவிட்டார்கள், சமையல் கேஸுக்கும் 50 ரூபாய் கூடிவிட்டது.

காஜா_பட்டன் | அதே நாள், இரவு

பெரியவர் அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் "லேசான சரிவு" என்று படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் பேசிச் சரக்கு அனுப்பும் வேலை. நிஃப்டி 0.3 சதவீதம் இறங்கிய வாரத்தில் நான் தூங்கிய நேரத்தை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவுக்குப் போகும் காட்டன் டி-ஷர்ட்டுக்கு முன்பே 16.5 சதவீத டூட்டி உண்டு. அதன்மேல் 26 என்றால் 42.5. வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, அதனால் ஆர்டரெல்லாம் நமக்குத்தான் வரும் என்று வாட்ஸப்பில் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு வந்தது ஆர்டர் இல்லை. சரக்கு வாங்கும் அமெரிக்க பையரிடமிருந்து மெயில்: பேக்கிங் முடிந்த சரக்கை நிறுத்தி வை, டூட்டியில் பாதியை நீ ஏற்றுக்கொள். எஃப்ஓபியில் (கப்பலில் ஏற்றித் தரும் விலை) ஒரு பீஸுக்கு எங்களுக்கு நிற்பது எவ்வளவு என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான்.

புதன் இரவு நிறுத்திவைத்த செய்தி வந்ததும் அதே பையர், வியாழன் காலையில்: "உடனே ஷிப் பண்ணு. 90 நாளுக்குள் எவ்வளவு தர முடியும்?" மகாவீர் ஜெயந்தியாவது ஒன்றாவது. தூத்துக்குடிக்கு வண்டி பிடித்தோம். டிஸ்கவுண்ட் கேட்ட மெயில் மட்டும் இன்னும் வாபஸ் ஆகவில்லை.

எக்ஸ்பைரி_ஏழுமலை | 13 ஏப்ரல், ஞாயிறு

டீச்சரக்கா, நீங்களாவது என்ஏவியில் விற்றீர்கள். என் கதையைக் கேட்டால் வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லிவிடுவீர்கள்.

திங்கள் 9.20க்கு, இன்னும் விழும் என்று நம்பி 22,000 புட் (நிஃப்டி 22,000க்குக் கீழே போனால் காசு தரும் ஆப்ஷன்) இரண்டு லாட் வாங்கினேன். அப்போது ஒரு லாட் என்றால் 75 யூனிட். அன்று சந்தையின் பயத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 13.76இலிருந்து 22.79க்குத் தாவிய நாள். அதாவது பயத்துக்கே தனி விலை போட்டு விற்ற நாள். நான் வாங்கியது பெரும்பாலும் அந்தப் பயத்தைத்தான். செவ்வாய் நிஃப்டி 22,535க்கு வந்தது, பயம் பாதி தெளிந்தது, பிரீமியத்தில் (புட்டுக்குக் கொடுத்த விலை) முக்கால் பங்கு ஆவி. வியாழன் வரை டைம் இருக்கே என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியாழன் லீவு, எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) புதனுக்கே வந்துவிட்டது என்பது புதன் காலையில்தான் உறைத்தது. 22,399இல் முடிந்தது. என் புட் பூஜ்ஜியம்.

சந்தை இன்னும் விழும் என்று தப்பாக நினைத்தேன். காலண்டரும் பார்க்கவில்லை.

பல்லடம்_டீச்சர் | 15 ஏப்ரல், செவ்வாய், இரவு

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்பேத்கர் ஜெயந்தி லீவில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எஸ்ஐபியை நிறுத்தினாயா?" நிறுத்தவில்லை, மறந்துபோனேன். பத்தாம் தேதி லீவானதால் பதினொன்றாம் தேதி விலைக்குப் போயிருக்கிறது. திங்கள் 22,161க்கு விற்றுவிட்டு வெள்ளி 22,828க்கு வாங்கியிருக்கிறேன்!

இன்று நிஃப்டி 23,328. வரிப் பட்டியல் வாசிப்பதற்கு முன், ஏப்ரல் 2 அன்று முடிந்தது 23,332. நான்கு புள்ளி பாக்கி. பேசாமல் இருந்திருந்தால் நான்கு லட்சத்தில் இருபத்தோராயிரம் இன்று என்னிடம் இருந்திருக்கும். ஐயா, இதற்கு வரி வேறு கட்டணுமா?

பழைய_சப்ப்ரோக்கர் | அதே இரவு

ஒரு வருடத்துக்கு மேல் ஆன யூனிட்டின் லாபம் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லீங்க. அதற்கு மேல் போனால்தான் 12.5 சதவீதம். கடைசி ஒரு வருடத் தவணைகளின் லாபத்துக்கு 20 சதவீதம். ஆனால் நீங்கள் அவற்றை நிஃப்டி 22,000க்கும் 26,000க்கும் நடுவில் வாங்கியிருப்பீர்கள். விற்றது 22,161இல். பெரும்பாலும் நஷ்டம்தான் இருக்கும். அந்த நஷ்டத்தை வருமான வரி ரிட்டர்னில் காட்டுங்கள், லாபத்தில் கழிக்கலாம். கழித்தும் மிச்சம் இருந்தால் எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். ஃபண்ட் கம்பெனியிலிருந்து கேபிடல் கெயின் ஸ்டேட்மெண்ட் (லாப நஷ்டப் பட்டியல்) கேட்டு வாங்கி வையுங்கள், ஜூலையில் தேடாதீர்கள்.