புதுப்பிப்பு: என் கட்டுரையைத் திருடியவர் விவகாரம் முடிந்தது

என் கட்டுரையின் விவாதப் பகுதியை யாரோ வார்த்தைகளை மட்டும் மாற்றி வேறொரு ஆய்விதழில் போட்டுவிட்டதாக இங்கே புலம்பியிருந்தேனே, அது முடிந்தது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, அந்த ஆளிடம் சண்டைக்குப் போகாமல் நேராக இதழாசிரியருக்கு எழுதச் சொன்ன யோசனைதான். இரண்டு கட்டுரைகளின் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை, வெளியான தேதிகள், கூடவே கருத்துத் திருட்டுப் புகார் வந்தால் இதழ்கள் என்ன செய்ய வேண்டும் என்று 'கோப்' (COPE, ஆய்விதழ்களுக்கான பதிப்பு நெறிமுறை அமைப்பு) வைத்திருக்கும் வழிமுறைப் படம், இவற்றை இணைத்து அனுப்பினேன். முதல் மடலுக்குப் பதிலே இல்லை, அப்புறம் பதிப்பகத்துக்கும் நகல் போட்டதும் விசாரித்து, ஐந்து மாதத்தில் அந்த ஆளின் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அழிக்கவில்லை, அறிவிப்போடு அங்கேயேதான் இருக்கிறது, அதுதான் முறை.

எதிர்பாராதது: இரண்டு கட்டுரைகளின் வாசகங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் ஒப்புமை மென்பொருள், வார்த்தைகள் மாறியிருந்ததால், காட்டியது வெறும் 9 சதவீதம். சதவீதத்தை மட்டும் நம்பியிருந்தால் கோட்டை விட்டிருப்பேன்.