கத்திரியில் நடவு, பக்கத்து வயலில் வைக்கோல் புகை: வேலை நேரத்தை எப்படி வைப்பது?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம், பம்புசெட் தண்ணீரில் முன்பட்ட குறுவை. மே இரண்டாம் வாரம் நடவு, 12 ஆட்கள். இரண்டு பேருக்கு 60 தாண்டிவிட்டது. ஒருவர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார், இன்னொருவருக்கு இளைப்பு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். காலை 6 முதல் 10, மாலை 4:30 முதல் 6:30 என்று பிரிக்கலாமா? கோடை நெல் அறுத்த வயல்களில் சாயங்காலம்தான் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். தண்ணீர், உப்பு எவ்வளவு வேண்டும்? மூக்கில் துண்டு கட்டினால் புகைக்குப் போதுமா?

களத்துமேடு:
காலை நேரம் சரி. ஆனால் செல்போன் காட்டும் டிகிரியை மட்டும் நம்பாதீங்க. 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி (வேர்வை காய்ந்து உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதைக் காட்டுவது) சுமார் 27 காட்டும். 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 என்றால் அதே வெப்பமானி 29-ஐத் தாண்டும். 'இன்னைக்கு வெயில் கம்மி' என்று நினைக்கிற அந்த நாள்தான் உடம்புக்கு மோசம், ஏனென்றால் வேர்வை காயாது; காய்ந்தால்தான் சூடு இறங்கும். தண்ணி கட்டிய வயலில், குனிந்த நிலையில், காற்றும் அடங்கியிருந்தால் இன்னும் கஷ்டம். ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வரப்பு நிழலில் தொங்கவிடுங்க.

தண்ணீர்: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், 250 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 12 பேர், 4 மணி நேரம் என்றால் 36 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. கேன் மோட்டார் கொட்டகையில் இருந்தால் யாரும் போய்க் குடிக்க மாட்டாங்க. நடவு நகர நகர வரப்பில் கூடவே நகரணும். அதற்காக ஒரே ஆள் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

நீராகாரமும் உப்பு போட்ட மோரும் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. கெண்டைக்கால் இழுத்தால் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி): பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக 1 லிட்டர். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது தப்பு. கைவசம் இல்லையா, 1 லிட்டரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. கூடக் கொட்டினால் வயிற்றுப்போக்கில் முடியும்.

வெயிலுக்குப் பழகாத ஆள் இருந்தால் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை போதும், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்க.

கோரையாறு:
மாலை நடவை விட்டுடுங்க அண்ணே. பொழுது சாயும்போது தரை குளிர்ந்து காற்று மேலே எழும்பாது. புகை பனி மாதிரி வயல்மேலேயே படுத்துக்கிடும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும். அதனால் இளைப்புக்காரர் காலையிலும் 7 மணிக்கு மேல் இறங்கட்டும்.

துண்டு, அறுவடை மெஷின் பக்கத்தில் பறக்கும் நெல் சுணைக்கு ஓரளவு உதவும். புகையில் இருக்கும் நுண்துகள் அதில் நிற்காது, நனைத்துக் கட்டினாலும் நிற்காது. என்95 மாஸ்க் நிறுத்தும், ஆனால் முகத்தில் ஒட்டி உட்காரணும், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேர்வையில் நனைந்தால் மூச்சு இழுக்கவே பாடுபடணும். குனிந்து நடுகிறவருக்கு அதைப் போட்டு வேலை வாங்குவதைவிட அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்வது மேல்.

இன்ஹேலர் டிராக்டர் டூல்பாக்ஸில் வேண்டாம், சூட்டில் கெடும். மடியிலோ நிழலில் இருக்கும் பையிலோ இருக்கட்டும்.

பக்கத்து வயல்காரரிடம் பேசிப் பாருங்க. வைக்கோல் கட்டுற மெஷின் வந்தால் மாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்தும் புகையோடு போகிறது, பிறகு யூரியாவுக்குக் காசு.

வெண்ணாற்றங்கரை:
சரி, மாலை வேண்டாம். ராத்திரி புகை வந்தால் ஜன்னலைச் சாத்தணுமா? பிபி மாத்திரை விஷயம்?

களத்துமேடு:
புகை திரண்டு வரும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சாத்துங்க, பிறகு திறங்க. ஷீட் வீட்டில் ராத்திரி முழுக்கச் சாத்திப் படுத்தால் புகையைவிடச் சூடுதான் முதலில் ஆளைக் கவிழ்க்கும். ஷீட்மேல் தென்னங்கீற்று போடுவார்கள், நல்ல குளிர்ச்சிதான். கொளுத்துகிற வயலுக்கு அருகில் மட்டும் வேண்டாம், ஒரு பொறி போதும்.

பிபிக்காரர் சாப்பிடுவது நீர் பிரியும் மாத்திரையா என்று பாருங்க. அப்படியானால் சீக்கிரம் நீர் வற்றும். தானாக நிறுத்தக் கூடாது. நடவுக்கு முன்பே டாக்டரைக் கேட்கணும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரையும் கேட்டே கொடுங்க, பொட்டாசியம் அதிகம்.

திருவாரூர் நர்ஸ்:
ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு. உடம்பு வேர்த்திருந்தாலும் அதேதான். 108-க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் உடனே குளிர்விக்கணும். வண்டி வரட்டும் என்று நிற்காதீங்க. உங்களிடம் பம்புசெட் இருக்கே: தொட்டியில் கழுத்துவரை இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்கணும். முடியாவிட்டால் நிழலில் கிடத்தி, நனைத்துக்கொண்டே விசிறுங்க. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, புரை ஏறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

கோரையாறு:
ஒன்று விட்டுப்போச்சு: கோடை இடி. சத்தம் கேட்டதும் கரையேறி கட்டட வீட்டுக்குள் போயிடணும், கடைசி இடிக்கு 30 நிமிஷம் கழித்துத்தான் இறங்கணும். பனைமரத்தடியும் மோட்டார் கொட்டகையின் கீற்றுக் கூரையும் பாதுகாப்பு இல்லை.