டைல் பதிக்கையில் பிதுங்கும் பசையை ஈரம் காயுமுன் துடைத்துவிடுங்கள்

குடியேறிய நாட்டில் வேலையாள் கூலி கட்டுப்படியாகாமல், குளியலறைக்கோ சமையலறைக்கோ தாமே டைல் பதிக்கத் துணியும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைலை மட்டம் பார்த்து வைப்பதில் காட்டும் அக்கறையை, இடைவெளிகளில் பிதுங்கி வரும் பசையை அகற்றுவதிலும் காட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது நொடியில் வழித்தெடுக்கக் கூடிய பசை, இறுகிய பின் டைலின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரவும் கூடும்.

சிமெண்ட் பசையானால், நான்கைந்து டைல்கள் பதித்ததும் நிறுத்தி, இடைவெளிகளில் ஏறி நிற்கும் பசையை மெல்லிய மரக்குச்சியால் வழித்தெடுத்து, நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சினால் டைலின் மேற்பரப்பைத் துடையுங்கள். நீர் சொட்டும் பஞ்சு வேண்டாம். இடைவெளிக்குள் இறங்கும் நீர் பசையை இளக்கி அதன் வலுவைக் குறைக்கும். இடைவெளியின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது காலியாக இருந்தால்தான் பின்னர் நிரப்பும் கிரவுட் (இடைவெளியை அடைக்கும் சாந்து) பிடித்து நிற்கும். இல்லாவிட்டால் அது மெல்லிய படலமாக நின்று, நாளடைவில் உதிரும். வெளிர்நிற கிரவுட்டாக இருந்தால் சாம்பல் நிறப் பசை திட்டுத் திட்டாக வெளியே தெரியவும் கூடும்.

ஒவ்வொரு டைலிலும் பசை மிகுதியாகப் பிதுங்கினால், துடைப்பதோடு நின்றுவிடாமல், பசையை வரிவரியாகப் பரப்ப உதவும் பல் வைத்த கரணையைக் கவனியுங்கள். அதன் பற்கள் டைலின் அளவுக்குப் பெரியவையாக இருக்கலாம், அல்லது கரணையைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் வரி இழுக்காமல் அப்பியிருக்கலாம். அதற்காகப் பசையை ஒரேயடியாகக் குறைத்தால் டைலுக்கு அடியில் வெற்றிடம் விழும். இடையிடையே ஒரு டைலைத் தூக்கிப் பின்புறம் முழுதும் பசை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தவறிப்போய்க் காய்ந்துவிட்டதென்றால், கிரவுட் இடுவதற்கு முன்பே கூரிய கத்தியால் இடைவெளியைப் பொறுமையாகச் சுரண்டுங்கள். குளியலறையில் டைலுக்கு அடியில் நீர்புகாப் படலம் இருக்கும். கத்தி அதுவரை இறங்கவே கூடாது. சுரண்டும் தூசியில் நுரையீரலுக்குக் கேடான சிலிக்கா இருப்பதால், லேசாக நனைத்துக்கொண்டு, தகுந்த முகக்கவசம் அணிந்தே இதைச் செய்ய வேண்டும். மேற்பரப்பில் ஒட்டியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தை மார்பிள், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் மேல் ஒருபோதும் ஊற்றாதீர்கள். கல்லே அரித்து மங்கிவிடும். இரு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் பிசின் வகையான எபாக்சி பசையோ இறுகிய பின் நீருக்கும் மசியாது, சாதாரண அமிலத்துக்கும் மசியாது என்பதால், பொதியில் குறித்துள்ள நேரத்துக்குள் அதைத் துடைத்துவிடுவதே சிறந்த வழி.

ஈரமான சிமெண்ட் பசை தோலைப் புண்ணாக்கும் காரத்தன்மை உடையது, கையுறை கட்டாயம். பஞ்சு அலசிய நீரைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் சிமெண்ட் இறுகி அடைத்துக்கொள்ளும். வாளியை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த கசடு கெட்டியானதும் அதைக் குப்பையில் சேருங்கள்.