மறியலில் (சிறையில்) இருந்துகொண்டு காணி வழக்குப் பேசியவர்கள் இருக்கிறீர்களா?

ஓமந்தை அக்கா:

என் தம்பி விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன்னே உள்ளே, இருக்கிறான். குற்ற வழக்குக்குச் சட்டத்தரணி வைத்ததிலேயே வீட்டு நகை முழுக்கப் போய்விட்டது. இதற்கிடையில் அவன் பெயரில் உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணிக்கு உரிமை கேட்டு ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார். அழைப்பாணையை மறியலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்னொரு சட்டத்தரணிக்குக் காசில்லை, நானே பேசுகிறேன் என்றான் தம்பி.

நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய விடையை, அதாவது எங்கள் பக்கப் பதிலை, புல்ஸ்காப் தாளில் பேனையால் எழுதி அனுப்பினான். அவன் இருப்பது தெற்குப் பக்கத்து மறியல். தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் வேலைக்கு வரும்வரை கடிதம் மேசையிலேயே கிடக்கும். வந்து சேர்ந்ததைக் கொமினிகேசன் கடையில் கொடுத்து ரைப் பண்ணினேன். காணித் துண்டு இலக்கம் 1 என்று அவன் எழுதியது 7 ஆகிவிட்டது. வரைபடத்தில் 7 என்பது வழக்குப் போட்டவருடைய துண்டு! நல்லவேளை, பார்வையிடப் போனபோது தாளைக் கம்பி வலையோடு ஒட்டிப் பிடித்தேன். அந்தப் பக்கம் இருந்து விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டான். சுற்றி எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள், அவன் சொல்வது காதில் விழவில்லை. ஒற்றை விரலைக் காட்டிக் காட்டித்தான் விளங்கவைத்தான். இரண்டாம் பக்கத்துக்குப் போகுமுன் நேரம் முடிந்தது.

அவன் வெளியில் கணினியில் வேலை செய்தவன். ஒரு கணினி கொடுத்தால் இந்த விடையை ஒரு பின்னேரத்தில் பிழையில்லாமல் முடிப்பான். யாருக்காவது உள்ளே அப்படி வசதி கிடைத்ததா?

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்:

பிள்ளை, முதலில் தவணையைப் பாருங்கள். குறித்த திகதிக்கு விடை போகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விளங்கப்படும். பிறகு தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 86ஆம் பிரிவு அது. வெளியில் இருப்பவருக்கே 14 நாள் ஓடித்திரிய வேண்டிய காலம். கடிதம் மேசையில் கிடக்கிற இடத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக அனுபவித்து வந்தவர் உரிமை கோரலாம். (அரச காணிக்கு இந்தக் கணக்கு ஓடாது.) உரிமையாளர் சிறுபிள்ளை, மனநலம் குன்றியவர், கடல் கடந்து இருப்பவர் என்றால் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு இருக்கும் அந்த விலக்கு, மறியலில் இருக்கும் தம்பிக்கு இல்லை. போரால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைத்தான் கழித்துவிட இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு உள்ளே கழிந்த வருடங்கள் முழுக்க எதிர்த்தரப்பின் கணக்கில்தான் ஏறும். என் உத்தியோக காலத்தில் இப்படிப் போன காணிகளைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

லண்டன், சொந்த ஊர் புளியங்குளம்:

அக்கா, இங்கிலாந்தில் என் நண்பன் ஒருவன் உள்ளே இருந்தபோது பிள்ளைகளைப் பார்க்கும் உரிமைக்காகத் தானே வழக்குப் பேசினான். இங்கே சிறை நிர்வாகமே வழக்கு வேலைக்கு லப்டொப் இரவல் கொடுக்க ஒரு ஏற்பாடு உண்டு. இணையம் கிடையாது. கேட்ட எல்லோருக்கும் கொடுப்பதும் இல்லை. அது இல்லாவிட்டால் தன் வழக்கு உண்மையாகவே பாதிக்கப்படும் என்று காட்ட வேண்டும். அவனுடைய ஆவணங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்ததால் கிடைத்தது. அதுவும் முதல் விண்ணப்பத்தில் இல்லை.

கைதியும் நீதிமன்றம் போகலாம் என்பதே இங்கு சண்டை பிடித்து வாங்கியதுதான். சிறை அதிகாரி ஒருவர் மேல் அவதூறு வழக்குப் போட நினைத்த கோல்டர் என்ற கைதியைச் சட்டத்தரணியோடு தொடர்புகொள்ள விடவில்லை. 1975இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது பிழை என்று தீர்த்தது.

முள்ளியவளை:

நான் உள்ளே இருந்து வந்தவன். அங்கே மற்றவர்களுக்கு மனு எழுதுவதுதான் என் வேலை. காபன் வைத்து மூன்று பிரதி. அழுத்தி எழுதி எழுதி நடுவிரல் காய்த்துப் போனது, அப்படியும் கடைசிப் பிரதி மங்கல்தான். திடீர்ச் சோதனை வந்தால் கோப்புகளைக் கொட்டுவார்கள். யாருடைய உறுதி யாருடைய மனுவோடு போனது என்று பிரித்தெடுக்கவே இரவு போய்விடும். கைதி தன் வழக்கு ஆவணங்களை நிர்வாகம் பார்க்காதபடி வைத்திருக்கலாம் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 53ஆவது சொல்கிறது. வெளியில் வந்த பிறகுதான் அதை வாசித்தேன்.

எங்கள் இடத்தில் கணினி இருந்தது. தொழிற்பயிற்சி வகுப்புக்கு, அதுவும் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும். ஒருநாள் நலன்புரி உத்தியோகத்தர், நல்ல மனுசன், தன் அறையில் இருந்து அடிக்கச் சொன்னார். திறந்தால் சிங்கள எழுத்துரு மட்டும்தான். தமிழுக்குப் பாமினி எழுத்துருவும் இல்லை, யூனிகோட்டும் இல்லை. அவருக்கே முகம் வாடிவிட்டது. போன் கடத்துகிறார்கள் என்ற பயம் நிர்வாகத்துக்கு இருக்கிறது, அது நியாயம். ஆனால் இணையம் இல்லாத, மேசையோடு பூட்டிய ஒரு கணினியால் யாருக்கு என்ன கெடுதல்?

ஓமந்தை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, தவணை இன்னும் இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கும் போகிறேன். சிறை அத்தியட்சகருக்குக் கடிதம் எழுதப்போகிறேன்: இணையம் இல்லாத ஒரு கணினி, தமிழ் எழுத்துரு, நலன்புரி அறையில் ஒரு பிரிண்டர், விளக்கமறியலில் இருப்பவர்களுக்கும் அனுமதி. முள்ளியவளைத் தம்பி சொன்ன எழுத்துரு விசயத்தைத் தனியாக எழுதுவேன். உள்ளே இருந்து குடியியல் வழக்குப் பேசியவர்கள் என்ன வழக்கு, எந்தக் கட்டத்தில் தட்டுப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.