பேரூராட்சியில் நூறு நாள் வேலை கிடையாது, மாதம் எப்படி ஓட்டுவது?

பள்ளத்தூர்க்காரி:
எங்கள் ஊர் பேரூராட்சி. நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும்தான் என்கிறார்கள். பக்கத்துக் கிராமத்தில் என் நாத்தனாருக்கு அந்த வேலைக்கான அட்டை இருக்கிறது. அவர் வாங்கும் பருப்பும் எண்ணெயும் எனக்கும் அதே விலைதான்.

நான் பலகாரம் போடும் இடத்தில் கை முறுக்குச் சுற்றுகிறேன். மாவை விரலுக்கு நடுவே திருகிக்கொண்டே சுற்ற வேண்டும், திருகல் தளர்ந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும். பொழுது சாயும்போது கட்டைவிரல் மரத்துப்போகும். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கும் நாளுக்கு 400 ரூபாய் வரும். ஆடி, மார்கழியில் கூப்பிட ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் புதுவயலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார், முதுகுவலி வந்தால் அந்தக் கூலியும் போச்சு. ஆனால் நிதி நிறுவனத்தில் வாங்கிய குழுக் கடன் தவணை வாராவாரம் கட்டியாக வேண்டும்.

மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ. துணிக்கடை வேலைக்கு அனுப்பு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். காரைக்குடியில் அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:
உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது தாயி. இங்கே பெரிய வீடுகள் நிறைந்திருந்தபோது சமையலுக்கும் எடுபிடிக்கும் ஆள் தேவைப்பட்டது. இப்போது பாதி வீடு பூட்டு, கலியாணத்துக்குத்தான் திறக்கிறார்கள். நீ முறுக்கை மட்டும் நம்பாதே, ஓலைக் கொட்டான், அதுதான் பனை ஓலைக் கூடை, முடையக் கற்றுக்கொள். வேலை இல்லாத மாதத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து முடையலாம். ஆனால் விற்றுத்தர ஆள் யார் என்று முதலில் விசாரித்துவிட்டு உட்கார்.

கூட்டுறவு ராசாத்தி:
வாரத்தவணைதான் கழுத்தைப் பிடிக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்து வங்கிக் கடனுக்கு மாறப் பாருங்கள், தவணை மாதத்துக்கு ஒருமுறைதான். உரிமைத் தொகை வருகிறதா? நீங்கள் இருவரும் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்திலும் பதிந்துவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரி:
உரிமைத் தொகை வருகிறது, அது அப்படியே தவணைக்குப் போகிறது. வாரியத்தில் பதியவில்லை. தம்பி, அவள் பெயரில் இன்னும் வங்கிக் கணக்கு இல்லை. ரிசல்ட் வருவதற்குள் திறந்துவிடவா, இல்லை கல்லூரியிலேயே திறந்து தருவார்களா?

தேவகோட்டைத் தம்பி:
காத்திருக்க வேண்டாம் அக்கா, இப்போதே திறந்து ஆதாரை இணைத்துவிடுங்கள்.