பழைய பஜேரோ: காலையில் ஸ்டார்ட் ஆகி அணைகிறது, ஏற்றத்தில் இழுவை போகிறது

பஜேரோ93 எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு பஜேரோ, 4டி56 டீசல் இஞ்சின். அப்பா ஓட்டிய வண்டி, அதனால் விற்கிற எண்ணம் இல்லை. இரண்டு மாதமாக ஒரே தொல்லை. காலையில் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகும், பத்து விநாடி ஓடும், அப்புறம் மூச்சு முட்டியது போல் திணறி நின்றுவிடும். பிறகு பற்றரி களைக்கும்வரை சுற்ற வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக்கட்டடத்தின் தரிப்பிடம் சரிவு, மூக்கு மேலே பார்த்தபடிதான் வண்டி இரவு முழுக்க நிற்கும். போன வாரம் அவிசாவளை வழியாக ஹற்றன் போனபோது கினிகத்தேனை ஏற்றத்தில் இழுவை மெல்ல மெல்லக் குறைந்து இரண்டாம் கியரிலும் ஏறவில்லை. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் போனது. பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள், வளைவில் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தன, உண்மையாகவே பயந்துவிட்டேன். பில்டர் மாற்றியாச்சு. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை. கராஜில், இஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள். பம்ப்தானா?

டீசல்_தெஹிவளை எழுதியது:

தம்பி, இப்போதைக்கு யாரையும் பம்பில் கை வைக்க விடாதீர்கள். கீழே ஒழுகவில்லை என்பதால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இந்த வண்டியின் டாங்கியில் மின்சாரப் பம்ப் கிடையாது, இன்ஜெக்டர் பம்புக்குள் சுழலும் தகடுகளோடு இருக்கும் சின்ன வேன் பம்ப்தான் பின்னாலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற குழாயில் வெடிப்பு வந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவில் அந்தக் காற்று நுழைந்து, லைனில் நின்ற டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும், மூக்கு மேலே இருந்தால் இன்னும் சுலபம். காலையில் ஓடுகிற பத்து விநாடி பம்புக்குள் மிஞ்சிய டீசல். குளிர்ந்த இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் கோளாறு என்றால் முதலிலேயே பிடிக்காமல் வெள்ளைப் புகை தள்ளும், பிடித்த பிறகு இப்படி அணையாது.

பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒரு சுத்தமான கேனில் புது டீசல் எடுத்து, பொனற்றுக்கு மேலே உயரமாகக் கட்டி, பில்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேனை இணையுங்கள். டீசல் இப்போது மேலிருந்து அழுத்துவதால், காற்று உறிஞ்சிய இடம் ஈரமாகி உங்களுக்கே காட்டிக்கொடுக்கும். எங்கும் ஈரம் இல்லை, இஞ்சினும் நன்றாக ஓடுகிறது என்றால் கோளாறு பில்டருக்குப் பின்னால், டாங்கிப் பக்கம். ஒன்று மட்டும் கேளுங்கள், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்க வேண்டாம், ஹீட்டர் பிளக் சூட்டில் அது வெடித்தால் பிஸ்டன் போகும்.

மலைப்பாதை எழுதியது:

அண்ணா சொன்னது காலைக் கோளாறுக்குச் சரி. ஏற்றத்தில் வந்தது வேறு கோளாறு என்று நினைக்கிறேன், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பழி பம்பின் மேல்தான் விழும். நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாவது அடைப்பின் அடையாளம். ஏற்றத்தில் இஞ்சின் நிறைய டீசல் கேட்கும்போது டாங்கிக்குள் இருக்கும் அழுக்கு உறிஞ்சுகுழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று அது கீழே விழும். அடுத்த முறை இழுவை போனால் முதலில் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அது சின்ன வேலை. இல்லையென்றால் டாங்கியை இறக்கத்தான் வேண்டும். 2022இல் டீசல் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்று எடுத்த டீசலை பரலில் வைத்திருந்து ஊற்றினீர்களா? பரலின் அடியில் நின்ற தண்ணீரும் துருவும் அப்படியே டாங்கிக்குப் போயிருக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கறுப்புச் சளி போல் ஒன்று வளரும், வலையை அடைக்க அதுவே போதும்.

பஜேரோ93 எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஹோஸ் போட்ட முதல் காலையிலேயே கடுகு மணி போல் குமிழிகள் வரிசையாக ஓடின. கேனைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டேன். பில்டர் பொருந்தும் மேல்பாகமான தலையில், டீசலைக் கையால் ஏற்ற இருக்கும் கைப்பம்பின் அடியில் விரல் வைத்தால் ஈரம், ரப்பரைச் சுற்றி மயிரிழை போல் வெடிப்பு. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய பில்டர் தலைகள் நிறையக் காட்டினார்கள், அதே ரப்பர்தானே அவற்றிலும் என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். ஐந்து நாளாகக் காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிறது.

நேற்று டாங்கியை இறக்கினோம். மூடியில் குறை இல்லை. பரல் கதையும் உண்மைதான், அப்பா அந்த வருடம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். வலையின் பாதிக்கு மேல் கறுப்புச் சளி, தொட்டால் வழுக்கும், அடியில் ஒரு கோப்பை அளவு தண்ணீர். கழுவிக் காயவைத்திருக்கிறது. பில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு பிள்ளைகள் இல்லாமல் தனியாகக் கினிகத்தேனை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.